பதிலி ஆள் இல்லாத வேலை

அன்பு மகனுக்கு,

கோயம்புத்தூரில் நீயும் உன் மனைவியும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே ராஜபாளையத்தில் உன் அத்தை நலம். இன்று காலை இட்லி சாப்பிட்டாள், பிரஷர் சரியாக இருக்கிறது, முதுகில் புண் ஏதும் இல்லை, ராத்திரி நன்றாகத் தூங்கினாள். நீ போன் செய்தால் வரிசையாகக் கேட்கிற கேள்விகள் இவைதான் என்பதால் முதலிலேயே பதில் எழுதிவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பதில்லை. கேட்காமலேயே சொல்லிவிடுவோம் என்றுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தானே என் வேலை, அதில் பேசுவது நீயும் அவளும்தானே.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நேரில் நான் உன் அத்தையை மதினி என்றும் நீங்க என்றும்தான் கூப்பிடுகிறேன். உன் அப்பாவுக்கு அக்கா, எனக்கும் மூத்தவள், ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அவள், இவள் என்றுதான் எழுதப்போகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இன்று நேற்று வந்த பொறாமை இல்லை, நீ பிறந்த அன்றே ஆரம்பித்தது. வயிற்றெரிச்சலோடு எழுதும்போது மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது. கட்டிலில் கிடக்கிற மனுஷி மேல் பொறாமைப்படுகிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் முழுவதும் படித்துவிட்டு நினை.

தினமும் சாயங்காலம் நீ வீடியோவில் வருகிறாய். அதற்கு முன்னால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, முகம் துடைத்து, தலையை ஒதுக்கிவிட்டு, திருநீறு பூசி, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ அவளைப் பார்ப்பாய், அவள் உன்னைப் பார்ப்பாள். நான் போனின் முதுகைப் பார்ப்பேன். பெற்ற பிள்ளையின் குரல் மட்டும் எனக்கு, முகம் அவளுக்கு. கை வலித்து லேசாகச் சரிந்தால், "அம்மா, நேராப் பிடி, அத்தை தெரியல" என்பாய். ஒருநாள் கோபத்தில் வேண்டுமென்றே அவள் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்தேன். நீ அந்த நெற்றியோடேயே பத்து நிமிஷம் சந்தோஷமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். தண்ணீர் மெத்தை அனுப்பினாய், சக்கர நாற்காலி அனுப்பினாய், அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் சோப்பு வரைக்கும் அனுப்பினாய். போன தடவை வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி எனக்குப் பால்கோவா வாங்கி வந்தாய். வாங்கி வந்த கையோடு, அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது, அவள் முன்னால் சாப்பிடாதே, பாவம் ஆசைப்படுவாள் என்றாய். இந்த வீட்டில் அவள் முன்னால் இல்லாத இடம் எது? கடைசியில் பக்கத்து வீட்டு நூரம்மாவின் பேரன் அதைச் சாப்பிட்டான்.

போன வாரம் அதிசயமாக, அவளோடு பேசி முடித்துவிட்டு என்னையும் கூப்பிட்டாய். புது வீட்டில் கீழ்த்தளத்தில் அவளுக்கு ஒரு அறை ஒதுக்கிவிட்டதாகவும், அடுத்த மாதம் வந்து அவளை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும் சொன்னாய். "அத்தையே வாய்விட்டுக் கேட்டாம்மா, என்னையக் கூட்டிட்டுப் போலேன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு. இனிமே நீ நிம்மதியா இரு" என்றாய். அப்புறம் அவளைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலமாக ஏற்பாடு செய்திருக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னாய். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவாம். பண்டிகைக்கு லீவாம். அவள் லீவு போட்டால் ஏஜென்சியே வேறு ஆளை அனுப்புமாம். நோயாளியை ஒற்றை ஆளாகத் தூக்கச் சொல்லக் கூடாதாம், கூட ஒரு ஆள் பிடிக்கவேண்டுமாம். இதையெல்லாம் நீ நியாயம் தெரிந்தவனாகத்தான் சொன்னாய். "அவங்களுக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்றாய். நான் போனைப் பிடித்தபடியே என் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

முகம் தெரியாத அந்தப் பெண் மேல் எனக்கு வந்த பொறாமையை எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும். அவள் நன்றாக இருக்கட்டும், அவளுக்குக் கிடைப்பதில் ஒன்றும் குறையவேண்டாம். ஆனால் அதே கட்டில், அதே உடம்பு, அதே வேலை. சம்பளத்துக்கு வருகிறவளுக்கு இடுப்பு இருக்கிறது, வீட்டுக்காரிக்கு இல்லை. இதை யாரோ ஊரான் நினைத்தால் விட்டுவிடுவேன், நீ நினைத்தாய்.

நான் மில்லில் வேலை பார்த்தவள் என்பது உனக்கு மறந்திருக்காது. நூல் நூற்கிற ரிங் பிரேமில் நின்று நின்று கால் வீங்கி வருவேன். ஆனால் அங்கே ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும். சங்கு ஊதிவிட்டால் மேஸ்திரி கூப்பிட்டாலும் நிற்க வேண்டியதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் லீவு சொல்லலாம், என் பிரேமில் நிற்க ஒரு பதிலி ஆள் வருவாள். ஒருவர் லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்பதற்கென்றே மில்லில் வைத்திருக்கும் ஆளுக்குப் பதிலி என்று பெயர். ஒரு சமயம் பதிலி ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். காய்ச்சலோடு வந்து நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் மில் கேட்டில் உட்கார்ந்தோம், நானும்தான் உட்கார்ந்தேன். பதிலி கிடைத்த பிறகுதான் உள்ளே போனோம். முதலாளியிடம் அவ்வளவு வாய் பேசியவள், உன் அத்தை விழுந்த இந்த ஆறு வருஷத்தில் ஒரு பதிலி ஆள் வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. வீட்டு வேலையில் அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நீ அந்தப் பெண்ணின் லீவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் தோன்றியது. பொறாமையில் ஒரு நல்லது உண்டு, தனக்கு என்ன கிடைக்கவில்லை என்பதை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய கதைக்கு வருகிறேன். நீ மம்சாபுரத்தில் என் அம்மா வீட்டில் பிறந்தாய். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்ததும் நல்ல குணமுள்ள ஒருவர் சீனித் தண்ணீரைத் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள், சேனை வைப்பது என்று சொல்வோம். யார் வைக்கிறார்களோ அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. இப்போது நர்ஸுகள் தாய்ப்பாலைத் தவிர எதையும் வைக்கவிடுவதில்லை, அதுவே நல்லது. அப்போது யார் வைப்பது என்று பேச்சு வந்தபோது நான் என் தாய்மாமாவை நினைத்திருந்தேன். அதற்குள் உன் அத்தை ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கை கழுவி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டாள். நான் பால் கொடுக்கும் முன்பே உன் வாயில் அவள் விரல். அன்றிலிருந்து நீ சிரித்தால் அத்தை சிரிப்பு, பிடிவாதம் பிடித்தால் அத்தை பிடிவாதம், பரீட்சையில் மார்க் வாங்கினால் அவள் கைராசி. பத்து மாதம் சுமந்தவளுக்கு உன்னிடம் ஒரு மூக்குகூடத் தரமாட்டேன் என்றார்கள் உன் அப்பா வீட்டார்.

அவளைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் என் கஷ்டம். தேவதானத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்கு ஒத்துவரவில்லை, ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். உன் அப்பா பட்டாளத்தில், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நான் விடியும் முன்னே காலை ஷிப்டுக்குப் போய்விடுவேன். அவள்தான் உன்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் இல்லையென்றால் நான் மில்லுக்குப் போயிருக்க முடியாது, மில்லுக்குப் போகாவிட்டால் இந்த வீடு எழும்பியிருக்காது. அவளுக்கும் யாரும் லீவு கொடுக்கவில்லை, நானும்தான் கொடுக்கவில்லை. எல்லாம் தெரியும். ஆனாலும், நீ இரண்டாம் வகுப்பில் காய்ச்சலாகக் கிடந்தபோது நான் வேலை முடிந்து ஓடி வந்து உன்னை மடியில் போடப் போனேன். நீ என் கையைத் தள்ளிவிட்டு, "அத்தைட்டயே இருக்கேன்" என்று அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். என் கையில் பஞ்சு வாடை அடித்திருக்கும். குழந்தைக்கு என்ன தெரியும் என்று அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள். அந்தச் சமாதானத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

உன் அப்பா இறந்துபோன மறு வருஷம் அவள் குளியலறையில் விழுந்தாள். வலது கை, வலது கால் இரண்டும் விளங்காமல் போனது. நீ அழுதுகொண்டே வந்தாய், பத்து நாள் இருந்தாய், போய்விட்டாய். அவளை யார் பார்ப்பது என்று யாரும் பேசவில்லை. சொந்தக்காரர்கள், நூரம்மா, நீ, நான் உட்பட எல்லோரும் அது முடிந்துபோன விஷயம் மாதிரி நடந்துகொண்டோம். என்னிடம் கேட்டிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதால் நான் சரி என்று சொன்ன பெருமைகூட எனக்கு இல்லை. பார்த்துக்கொள்கிறவளின் முதல் உரிமை அதுதான் என்று நினைக்கிறேன், உன்னால் முடியுமா என்று ஒருவர் வந்து கேட்கவேண்டும். முடியாது என்று சொன்னால் முகம் கோணாமல் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வீட்டுக்கு வந்து அத்தைக்குப் பிரஷர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள். நல்ல பெண். போன வருஷம் ஒருநாள் அவள் கருவியைச் சுருட்டி வைக்கப்போனவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்களுக்கும் பார்ப்போம் என்று என் கையில் கட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறீர்கள் என்றாள். அவளிடம் மட்டும் ஒரு விஷயத்தைச் சொன்னேன். மகனிடம் சொல்கிற விஷயமா இது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கல்யாணம் ஆனவன், தெரிந்துகொள். எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. பளு தூக்கித் தூக்கி ஆனது. அவளைத் தூக்கும்போதெல்லாம் அடிவயிறே கழன்று விழுகிற மாதிரி இருக்கும், துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்குவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தேன்.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னாள். இப்படிப் படுத்திருப்பவர்களுக்கு அரசு உதவி இருக்கிறதாம், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாமாம், விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள் என்றாள். போய் விசாரிக்க ஒரு முழுநாள் வேண்டும். அந்த ஒரு நாள் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இருந்தால் நான் ஏன் உதவி கேட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். ஆபரேஷனுக்கும் அதே கதைதான். ஒருநாள் நூரம்மாவை அத்தையோடு உட்காரவைத்துவிட்டு, அட்மிட் ஆவது பற்றிக் கேட்க நான் தனியாகப் போனேன். அங்கே இருந்த நர்ஸ், "கூட யாரு இருப்பா?" என்று கேட்டாள். சாதாரணமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. உன் அப்பாவுக்குக் கூட இருந்தவள் நான், அத்தைக்குக் கூட இருந்தவள் நான், ஆஸ்பத்திரிகளில் என் பெயரே அதுதான். எனக்குக் கூட யார் என்று கேட்டபோது வாயில் ஒரு பெயரும் வரவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். அத்தை சாப்பிட்டாளா என்று கேட்டாய்.

இப்படி இருக்கும்போதுதான் அவளே உன்னிடம் வருகிறேன் என்று கேட்டாள் என்று நீ சொன்னது. நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நூரம்மாவை விட்டு உனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? என் உடம்பு கழன்று விழுந்தாலும் இவளை நான் விடவில்லையே, இவள் என்னை ஒரு நொடியில் விட்டுவிட்டாளே என்று இருந்தது. கடைசியில் அவளுக்கு உன் வீடு, உன் முகம், குளிர்ந்த அறை, ஞாயிற்றுக்கிழமை லீவு போடுகிற ஆள். எனக்குக் காலிக் கட்டில். இரண்டு நாள் அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் தலைவாரிவிடும்போது சீப்பை அழுத்தித்தான் இழுத்தேன்.

"ஏட்டி, சீப்ப மெதுவாப் போடு. ஒடம்புல தலை ஒண்ணுதான் எனக்கு முழுசா இருக்கு" என்றாள். நான் அடுத்த சிக்கைப் பிடித்தேன். "கோயமுத்தூருக்கு ஆசப்பட்டா போறேன்னு நெனைக்க?" என்றாள். நீங்கள்தானே கேட்டீர்கள் என்றேன்.

வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் அவள் மெல்ல மெல்லத்தான் பேசுவாள். அன்றைக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் இங்க கெடக்குற வரைக்கும் நீ ஆஸ்பத்திரிக்குப் போக மாட்ட. என்னையத் தூக்கி வச்சுட்டு அடிவயித்தப் புடிச்சுக்கிட்டு செத்த நேரம் செவுத்துல சாயுத. துணிய மடிச்சு இறுக்கிக் கட்டுத. கையும் காலுந்தான் வெளங்கல, கண்ணு நல்லாத்தான தெரியுது. பொம்பள சமாச்சாரம், பயகிட்ட நான் எப்படிச் சொல்ல? அதான் கூட்டிட்டுப் போலேன்னேன். நீ ஆப்ரேசன் முடிஞ்சு எந்திரிச்ச பொறவு வந்துருதேன்."

நல்லவளாக இருந்தால் அந்த இடத்தில் நான் அவள் காலைப் பிடித்து அழுதிருக்கவேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். "அதையும் நீங்களே செஞ்சுட்டியளா, மதினி? எனக்குன்னு இருந்தது இந்த ஒரு சீக்குதான். அதுலயும் முந்திக்கிட்டியளா?" என்று கேட்டுவிட்டேன். சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு இத்தனை வருஷம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "நீ காலைல மில்லுக்குப் போறப்ப பய சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு தெருவையே பாத்துக்கிட்டு நிப்பான். நீ முக்குத் திரும்புன பொறவும் நிப்பான். நான் எம்புட்டு கூப்புட்டாலும் திரும்ப மாட்டான். அத ஒன்கிட்ட ஒருநாளும் சொல்லல. சொல்லிருக்கலாம். எனக்கும் வயித்தெரிச்சல்தான்."

அதைக் கேட்டு என் பொறாமை பாதி குறைந்தது. முழுவதும் குறையவில்லை, பொய் சொல்லமாட்டேன். நீ அப்படி நின்றது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் மில்லில் எத்தனையோ நாள் லேசாக நின்றிருப்பேன். அந்தக் கோபம் தனியாக இருக்கிறது, அதை அவளிடம் பிறகு தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் அவள் சொன்னதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அவளை நான் உனக்குத் தரமாட்டேன். ஆறு வருஷம் தூக்கிய உடம்பு, எந்தப் பக்கம் படுத்தால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்று தெரிந்துகொண்ட கை. முகம் தெரியாத ஒரு பெண் நாளைக்கு அவளுக்குத் தலைவாரிவிடுவாள் என்று நினைத்தாலே எனக்கு எரிகிறது. அவளை வைத்துக்கொண்டு நீ சந்தோஷமாக இருப்பாய் என்று நினைத்தால் இன்னும் எரிகிறது. அவள் இங்கேதான் இருப்பாள். நீதான் வரவேண்டும்.

உன் அலுவலகத்தில் லீவு கேள். வீட்டில் படுத்திருப்பவரைப் பார்க்க லீவு என்று ஒன்று அங்கே இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்டுவிட்டாவது வா. நாங்கள் கேட்டில் உட்கார்ந்துதான் பதிலி ஆளை வாங்கினோம், தானாக யாரும் தரவில்லை. அத்தைக்குப் பகலில் உதவிக்கு வர செட்டியார்பட்டியில் பயிற்சி எடுத்த ஒரு பெண் இருக்கிறாள் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் பேசியதையெல்லாம் இவளுக்கும் பேசு, ஞாயிற்றுக்கிழமை லீவு உட்பட. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது அவள் பார்ப்பாள். தூக்கும்போது கூடப் பிடிக்கிற ஆள் நீ. புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது நீ. உன் மனைவியை இந்த வேலைக்கு அனுப்பாதே. அவளும் வேலைக்குப் போகிறவள், அவள் என்னை அத்தை என்று கூப்பிடுகிறாள் என்பதற்காக என் வேலையைச் சத்தமில்லாமல் அவள் தலையில் இறக்கிவைத்தால், உன் அத்தை என் தலையில் வந்த மாதிரிதான் ஆகும். அவளாக விரும்பி வந்தால் வரட்டும், அப்போதும் உன்னால் முடியுமா என்று முதலில் அவளைக் கேள். இங்கே ஒருநாள் பார்த்தால் உனக்கே தெரியும், அத்தை சாப்பிட்டாளா என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை வேலை இருக்கிறது என்று.

நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் பழையபடி ஆகிவிடக் கூடாது. செட்டியார்பட்டிப் பெண் தொடர்ந்து வரவேண்டும். நான் ஒற்றை ஆளாகத் தூக்கமாட்டேன். வாரத்தில் ஒருநாள் எனக்கு வெளியே போகவேண்டும், எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. விருதுநகருக்கு நீயும் நானும் சேர்ந்து போய், கேட்கவேண்டிய உதவியைக் கேட்போம். இதையெல்லாம் நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கவில்லை. அம்மா இப்படிப் பேசமாட்டாளே என்று நினைக்காதே, மில் கேட்டில் நான் இப்படித்தான் பேசினேன், நீ பார்த்ததில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கூட யார் இருப்பார் என்று மறுபடியும் கேட்டார்கள், மகன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான், என்னைக் கேட்காமல் நீங்களெல்லாம் செய்ததற்கு இது ஈடு. பெண்கள் வார்டில் ராத்திரி உன்னை உள்ளே விடமாட்டார்கள். வெளியே வராந்தாவில் மற்ற ஆண்களோடு ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நீ இருந்தால் எனக்குப் போதும். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் நூரம்மாவும் செட்டியார்பட்டிப் பெண்ணும் பகலில் சேர்ந்து பார்த்துக்கொண்டு, ராத்திரி அத்தையோடு படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நான் தனியாக வந்துவிடுவேன்.

நீ எப்போது ஊருக்கு வந்தாலும் பையைத் தோளில் மாட்டியபடியே அவள் கட்டிலுக்குத்தான் ஓடுவாய், அவளும் விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மதுரையிலிருந்து வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்தான் முதலில் வரும், ராஜபாளையம் அதற்குப் பிறகுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கு. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார். இந்த ஒரு தடவை அவள் காத்திருக்கட்டும்.

அம்மா